மூன்று டிக், இடப்பக்கம்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நீச்சல் குளத்தின் பம்ப் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தங்கை. அவள் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை. என் கடைசித் தம்பி. சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அம்மாள். வேறு யாரும் இல்லை. தினமும் எங்கள் குளத்துக்கு நீந்த வரும் வக்கீல், தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இல்லை. அவர் வெளியே குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார், இரண்டு காதும் தண்ணீருக்குள். அப்படிப்பட்ட சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பது அவர் தொழிலுக்கே தெரியும்.

எங்களுடையது உப்புநீர்க் குளம். கடல்போல் கரிக்காது. கண்ணீர் வழிந்து உதட்டில் பட்டால் எப்படி இருக்குமோ, அதில் பாதிகூட இருக்காது. தண்ணீரில் கரைந்த உப்பு ஒரு மின்கலனுக்குள் போய் குளோரினாக வெளியே வரும், அழுக்கோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி உப்பாகிவிடும். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு கெட்ட பழக்கம், தண்ணீரின் பிஎச் அளவு தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். அதை அடக்க அவ்வப்போது அமிலம் சொட்டவிட வேண்டும். எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது ஒரு சென்சார். பேனா நீளத்தில் ஒரு குழாய், நுனியில் பட்டாணி அளவு கண்ணாடிக் குமிழ். அது சொல்வதை மீட்டர் நம்பும், மீட்டர் சொல்வதை அமிலப் பம்ப் நம்பும். குமிழ் ஒரு பொய் சொன்னால் மொத்தக் குளமும் அந்தப் பொய்யில்தான் குளிக்கும்.

இருபத்திரண்டு வருடமாக எங்கள் வாசலில் 'குளம் மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்கியதில்லை. அடுத்த தெருவில் உள்ள குளத்தில் அது ஏழு முறை தொங்கியிருக்கிறது. நான் எண்ணவில்லை, சொன்னார்கள். அப்படி ஒரு பலகையை ஒவ்வொரு குளமும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்களும் வைத்திருந்தோம். பம்ப் அறையில் உப்பு டிரம்முக்கு அதுதான் மூடி. எழுத்து கீழே பார்த்தபடி, மேலே எங்கள் நாலு டீ டம்ளர்.

வேலைகளை நான்தான் பிரித்துக் கொடுத்திருந்தேன். உப்பு போடுவது, பதிவேடு எழுதுவது தங்கை. வடிகட்டியைக் கழுவுவது, நிறம் காட்டும் சொட்டு மருந்து விட்டுக் கையால் தண்ணீரைச் சோதிப்பது தம்பி. சென்சாருக்கு அளவு திருத்துவது மாப்பிள்ளை. மற்றவர்கள் செய்வது சரியா என்று பார்ப்பது நான்.

அளவு திருத்துவது பார்க்க எளிய காரியம். இரண்டு பாட்டில் திரவம் உண்டு. மஞ்சள் நிறத்தில் ஒன்று, அதன் பிஎச் சரியாக ஏழு. இளஞ்சிவப்பில் ஒன்று, அது நாலு. ஒரு சின்னக் கோப்பையில் மஞ்சளை ஊற்றி, குமிழை முக்கி, 'இதுதான் ஏழு' என்று மீட்டருக்குச் சொல்ல வேண்டும். பிறகு இளஞ்சிவப்பில் முக்கி 'இதுதான் நாலு' என்று சொல்ல வேண்டும். மீட்டர் கேட்டுக்கொள்ளும். மாப்பிள்ளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதைச் செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை. முக்கி எடுத்ததும் கோப்பையில் இருப்பதைப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி மூடிவிடுவார். ஒரு சொட்டு சிந்தாது.

கொஞ்ச காலமாக மஞ்சள் பாட்டில் அவ்வளவு மஞ்சளாக இல்லை. இளஞ்சிவப்பும் அவ்வளவு சிவப்பாக இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகி, சேர்ந்து வாழும் தம்பதிபோல் ஒரே சாயலுக்கு வந்துகொண்டிருந்தன. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் வீட்டில் மாப்பிள்ளையைத் திருத்துவதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவர் உப்பு மூட்டையைத் தப்பாக எண்ணிவிட்டார். பதினேழு என்றார். நான் எல்லார் முன்னாலும், "பதினாறு, மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க அவர் என்னோடு வெயில், மழை இரண்டைப் பற்றி மட்டும்தான் பேசினார். தங்கை முகம் வாடிக் கிடந்தாள். பெண்ணைக் கொடுத்த வீடு வாயையும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பதினேழு என்றால் பதினேழுதான். குறைகிற ஒரு மூட்டையை நாங்கள் வாங்கி வைத்துவிடுவோம்.

வியாழக்கிழமை மதியம் டீ நேரத்தில் தம்பி ஒரு சோதனைக் குழாயோடு பம்ப் அறைக்கு வந்தான். உள்ளே குளத்துத் தண்ணீர், சொட்டு மருந்து விட்டது. ஆரஞ்சுச் சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறி மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் டம்ளர்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்தான்.

"என்னடா இது?" என்றாள் தங்கை.

"ஏழு புள்ளி ஒண்ணு," என்றான். அத்தானைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மாப்பிள்ளை திரும்பி மீட்டரைப் பார்த்தார். "ஏழு புள்ளி நாலு. சரியாத்தானே இருக்கு."

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"இந்த ரூம்ல வெளிச்சம் பத்தாது," என்றான் தம்பி. "கலர் சரியாத் தெரியாது."

"பல்பு மாத்தணும்," என்றாள் தங்கை. "இன்னொரு டீ போடட்டுமா?"

எல்லாரும் இன்னொரு டீ குடித்தோம். வெளியே வக்கீல், தொடர்ந்து ஏழாவது நாளாகக் கண் எரிகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆய்வு. ஆய்வாளர் தன் மீட்டரைக் குளத்தில் வைப்பார், எங்கள் மீட்டரைப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையே புள்ளி இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலகை வாசலுக்குப் போகும். எங்களுக்குப் புள்ளி மூன்று வித்தியாசம். இருபத்திரண்டு வருட மானம் ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வழி இல்லாமல் இல்லை. எங்கள் மீட்டர் பழைய காலத்துக் கட்டை. அதன் முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி ஒரு சின்னத் திருகு உண்டு. இடப்பக்கம் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், காட்டுகிற எண் புள்ளி ஒன்று குறையும். மூன்று டிக் திருப்பினால் போதும். மீட்டர் உண்மை பேசும், மாப்பிள்ளை மனம் நோகாது, அடுத்த வாரம் பாட்டில் இரண்டையும் 'தவறிக் கொட்டிவிட்டது' என்று சொல்லிப் புதுசு எடுத்துவிடலாம். இப்படி ஒரு யோசனை எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வடிகட்டி கழுவுகிற நேரம். அப்போது பம்ப் நிற்கும், மீட்டரும் அணைந்திருக்கும். ஏழேகாலுக்கு, உப்பு மூட்டை எண்ணப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் தடவிப் பார்த்து, டிக், டிக், டிக். வெளியே வந்து குளத்தங்கரையில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஏழரைக்குத் தங்கை துடைப்பத்தோடு பம்ப் அறைக்குள் போனாள். அந்த அறையை அவள் பெருக்கி நான் பார்த்ததில்லை. ஆய்வாளர் வருகிறாரே, பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் தம்பி டார்ச்சோடு போனான். "எங்கடா?" என்றேன். "பல்லி புகுந்துருக்குண்ணா" என்றான். பல்லிமேல் அவனுக்கு இத்தனை அக்கறையா என்று வியந்தேன்.

எட்டரைக்கு மாப்பிள்ளை போனார். குடையைத் தேடுவதாகச் சொன்னார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தாலும் மாப்பிள்ளை குடை என்றால் குடைதான்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆய்வாளர் வந்தார். தோளில் ஒரு பை, கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர். சிரிக்காத முகம். குளத்தங்கரையில் குனிந்து தண்ணீரை அளந்தார். ஏழு புள்ளி ஒன்று. குறித்துக்கொண்டார். தம்பி பம்பைப் போட்டான். ஐந்து பேரும் பம்ப் அறையில் மீட்டர் முன்னால் நின்றோம். திரை கண் விழித்தது. எண் கொஞ்சம் தடுமாறி, ஒரு இடத்தில் வந்து நின்றது.

ஆறு புள்ளி இரண்டு. கூடவே 'பீப், பீப்' என்று அபாயச் சத்தம்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆறு புள்ளி இரண்டு.

"ஐயா," என்றார் ஆய்வாளர். "என் மீட்டர் ஏழு புள்ளி ஒண்ணுங்குது. உங்களுது ஆறு புள்ளி ரெண்டுங்குது. உங்க மீட்டர நம்புனா வெளிய ஒருத்தரு எலுமிச்சை ஜூஸ்ல மெதந்துக்கிட்டு இருக்காரு. எது பொய் சொல்லுது?"

"பழைய மீட்டருங்க. காலைல கொஞ்சம் மந்தமா இருக்கும்," என்றேன்.

"மந்தமா இருந்தா தூங்கணும். இது கத்துதே." சுவருக்கும் மீட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். "இந்தத் திருகுல தூசியே இல்ல. இப்பதான் யாரோ திருகியிருக்காங்க. யாரு?"

பீப், பீப்.

நான் முதுகை நிமிர்த்தினேன். "நான்தான். மூணு டிக்."

"அண்ணா, சும்மா இருங்க," என்றாள் தங்கை. "மேடம், அவரு யாருக்காவது பழி ஏத்துக்குவாரு. அது நான் திருகினது. மூணு டிக்."

"அக்கா, நீ எப்ப திருகின?" என்றான் தம்பி.

"பெருக்கறப்ப."

"நான் பல்லி பாக்கறப்ப திருகினேன்! மூணு!"

ஆய்வாளர் விரலை மடக்கினார். "மூணு, ஆறு, ஒம்பது. பதிவேட்டுல நேத்து ஏழு புள்ளி நாலுன்னு இருக்கு, அது ஆறரைக்கு வந்துருக்கும். இன்னும் மூணு எங்க?"

 மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"குடை தேடறப்ப."

"அத்தான், நீங்களுமா?" என்றான் தம்பி.

"ஏன், என் மீட்டர் தப்புன்னு எனக்குத் தெரியாதா? மூணு வாரமாத் தெரியும். யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு பாத்தேன். 'வெளிச்சம் பத்தாது'ங்கறான் இவன். 'டீ போடட்டா'ங்கறா அவ. சரி, இவங்களுக்குத் தெரியல போலிருக்கு, நாம சொல்லி ஏன் சங்கடப்படுத்தணும்னு மரியாதைக்கு வாய மூடிக்கிட்டேன்."

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்து குளத்த அமிலமாக்கிட்டீங்க. சரி. மூலம் என்ன? அந்தப் பாட்டில எடுங்க."

மாப்பிள்ளை எடுத்து வைத்தார். ஆய்வாளர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எது மஞ்சள்?"

"இடது," என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் யோசித்து, "இல்ல, வலது" என்றார்.

"யூஸ் பண்ணினத திருப்பி ஊத்துவீங்களா?"

"ஒரு சொட்டு வீணாக்க மாட்டேங்க," என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் பெருமை இருந்தது. "நடுவுல கழுவவும் மாட்டேன். தண்ணியும் வீண்தானே."

"அதான் ஒண்ணோட ஒண்ணு கலந்து, ஏழும் ஏழா இல்ல, நாலும் நாலா இல்ல. யாரு சொல்லிக் குடுத்தது இப்படி?"

மாப்பிள்ளை சுவரைக் காட்டினார். மீட்டருக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு தாள். 'இந்த அறையில் எதையும் வீணாக்கக் கூடாது. மிஞ்சியது எதுவானாலும் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.' கொட்டை எழுத்து. என் கையெழுத்து.

"மச்சான் போட்ட விதி," என்றார் மாப்பிள்ளை.

தம்பி அந்த விதியை ஒரு நாளும் மதித்ததில்லை. தங்கை அதைப் படித்ததே இல்லை என்று சந்தேகம். பன்னிரண்டு வருடமாக எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே மனிதர் இவர்தான். அவரைத் திருத்தக் கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது, என் தவறை நானே திருத்தாமல் விட்டதாகத்தான் முடிந்திருந்தது.

ஆய்வாளர் ஒரு படிவத்தை எடுத்தார். "ரெண்டு விஷயம். மீட்டர் சரியாகற வரைக்கும் குளத்துல யாரும் இருக்கக் கூடாது, பலகை மாட்டணும். அடுத்தது, 'தவறுக்குப் பொறுப்பானவர்'னு ஒரு கட்டம் இருக்கு. பதிவேட்டுல திங்கக்கெழமை திங்கக்கெழமை இவரு கையெழுத்துதான் இருக்கு. இவரு பேர எழுதிடவா?"

தங்கை என்னைப் பார்த்தாள். பதினேழு மூட்டை வருடத்தில் பார்த்த அதே பார்வை.

ஒரு கணம், அந்தப் பெயர் போகட்டும், பலகையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. தோன்றியதை மறைக்க நான் இதை எழுதவில்லை. பிறகு கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன்.

"என் பேர எழுதுங்க," என்றேன். "விதி என்னோடது. அவரு பின்பத்தினாரு, அவ்வளவுதான்."

"மச்சான், வேணாம்…"

"மாப்பிள்ளை, ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க."

பன்னிரண்டு வருடத்தில் நான் அவருக்குச் செய்த இரண்டாவது திருத்தம் அது. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

டிரம் மேலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். பலகையைத் தூக்கினேன். அடிப்பக்கம் உப்புப் பூத்திருந்தது, எழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். எழுத்து கதவைப் பார்த்தபடி, தெருவுக்கு டம்ளர் வட்டங்கள் தெரியும்படி.

பின்னாலேயே வந்த ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, எழுத்து அந்தப் பக்கம் இருக்கு."

"மாட்டணும்னுதானே விதி. எந்தப் பக்கம்னு விதியில இருக்கா?"

"உங்களுக்கு விதியே வேணாம் ஐயா. நீங்க விதி எழுதினாலும் ஆபத்து, படிச்சாலும் ஆபத்து." அவரே பலகையைத் திருப்பி மாட்டினார். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

வக்கீலைத் தண்ணீரிலிருந்து எழுப்புவதுதான் பெரிய பாடு. தம்பி கரையில் நின்று கையை ஆட்டினான். அவர் பதிலுக்கு வணக்கம் போட்டார். கடைசியில் வலைக் கம்பால் காலில் தட்ட வேண்டியிருந்தது.

"யாரு செத்துட்டா?" என்று கேட்டபடி எழுந்தார்.

"யாரும் சாகல சார். மீட்டர சரி பண்றோம்."

"என் கண்ணு எரிஞ்சப்ப எதுவும் சரி பண்ணல!"

நான் பீரோவைத் திறந்து, பழைய பதிவேடுகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு புது பாட்டில்களை எடுத்தேன். மூடி உடைக்காதவை. ஒன்று நல்ல மஞ்சள், ஒன்று நல்ல இளஞ்சிவப்பு.

"அண்ணா!" என்றாள் தங்கை. "இது எப்ப வாங்கினது? ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

"ஒளிக்கல. யாராவது பெரிய அதிகாரி வந்தா எடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

"வந்துட்டேன்," என்றார் ஆய்வாளர். தேதியைப் பார்த்தார். காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மாப்பிள்ளை முதலில் திருகை வலப்பக்கம் திருப்பினார். பன்னிரண்டு டிக். நாங்கள் நாலு பேரும் வாய்க்குள் எண்ணினோம். பிறகு குமிழைச் சுத்தமான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மஞ்சளில் முக்கினார். எண் நிலைக்கும்வரை காத்திருந்தார். மறுபடி கழுவி, ஒற்றி, இளஞ்சிவப்பில் முக்கினார். வேலை முடிந்தது. ஆனால் கோப்பை அவர் கையிலேயே இருந்தது. ஒரு பக்கம் பாட்டில், மறு பக்கம் சாக்கடைத் துளை. என்னைப் பார்த்தார்.

"கொட்டுங்க மாப்பிள்ளை," என்றேன்.

கொட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குமிழை அதன் இடத்தில் செருகியதும் எங்கள் மீட்டர் ஏழு புள்ளி ஒன்று என்றது. ஆய்வாளரின் மீட்டரும் அதையே சொன்னது. அமிலப் பம்ப் இனித் தேவையில்லாமல் சொட்டாது, சாயங்காலத்துக்குள் தண்ணீரின் அளவு மெல்ல ஏறிவிடும். ஆய்வாளர் படிவத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பலகையை எடுக்கலாம் என்றார். போகும்போது சட்டத்திலிருந்த தாளைக் காட்டி, "அதையும் எடுத்துடுங்க" என்றார். நான் எடுத்துவிட்டேன். சட்டம் வீணாகக் கூடாது என்று தங்கை அதில் டீத்தூள் வாங்க வேண்டிய பட்டியலை மாட்டியிருக்கிறாள்.

மாப்பிள்ளை என்னோடு இப்போது வெயில், மழை தவிர மற்றதையும் பேசுகிறார். போன வாரம் நான் உப்பு மூட்டை பதினாலு என்றேன். "பதிமூணு, மச்சான்" என்றார், எல்லார் முன்னாலும். எண்ணிப் பார்த்தோம். பதிமூன்றுதான்.

கடைசியாக ஒன்று. எங்கள் குளம் மூன்று நாள் மூடிக் கிடந்தது, மாப்பிள்ளை செய்த தப்பால் பலகை தொங்கியது என்று வக்கீல் தெருவெல்லாம் சொல்லி வருகிறார். பலகை தொங்கியது முப்பத்தெட்டு நிமிடம். தப்பு என்னுடையது. மாட்டியதும் நான்தான்.